நேரம் தெரியும், விளைவு தெரியாது: கிரான் நிரலின் வரலாறு

லினக்ஸ் சர்வர் ஒன்றின் பொறுப்பை ஏற்கும் நிர்வாகி முதல் நாளிலேயே திறந்து பார்க்க வேண்டிய கோப்பு கிரான்டேப்; குறித்த நேரத்தில் வேலைகளை ஏவும் கிரான் நிரலின் பட்டியல் அது. இரவு பேக்கப், பழைய லாக்குகளைச் சுருக்கி வைத்தல், தற்காலிகக் கோப்புகளை நீக்குதல், சான்றிதழ் புதுப்பித்தல் என அந்த இயந்திரத்தின் அன்றாட வேலைகள் அங்கேதான் எழுதியிருக்கும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை, அவற்றுக்குப் பின் ஒரு கட்டளை. 1979இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலும் இந்த வரி இப்படியேதான் இருந்தது. வரி மாறவில்லை என்றால் இத்தனை ஆண்டுகளில் மாறியது எது என்று இக்கட்டுரை கேட்கிறது. மாற்றங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே குறையைத் தீர்க்க வந்தவை. கிரானுக்கு நேரம் தெரியும். தான் ஏவிய வேலை முடிந்ததா, நேற்றாவது நடந்ததா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

ஏழாம் பதிப்பின் கிரான் மிகச் சிறிய நிரல். இயந்திரம் இயங்கத் தொடங்கும்போது ஒருமுறை கிளம்பும், பிறகு நிற்காது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, இயந்திரம் முழுமைக்கும் பொதுவான ஒரே கிரான்டேப்பைப் பார்க்கும். நேரம் பொருந்தும் வரிகளை ஷெல்லிடம் கொடுத்துவிட்டு மீண்டும் உறங்கும். எல்லா வேலைகளும் ஒரே கணக்கின் அதிகாரத்தில் ஓடின. ஒருமுறை மட்டும் ஓட வேண்டிய வேலைக்கு ‘அட்’ என்ற கட்டளை இருந்தது. அதுவும் கிரானை நம்பியே நின்றது: காத்திருக்கும் வேலைகளை எடுத்து ஓட்டும் துணை நிரலைக் கிரான்டேப்பின் ஒரு வரிதான் அவ்வப்போது எழுப்பியது. ஒரே கணினி, அதைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் ஒரு நிர்வாகி, ஒருநாளும் அணையாத மின்சாரம் என்ற சூழலுக்கு இந்த அமைப்பு முற்றிலும் போதுமானது. இதை எழுதியவர்களின் சிக்கனத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

அந்தச் சிக்கனத்தின் சில தடயங்கள் இன்னும் நிர்வாகிகளின் காலை இடறுகின்றன. ஏழாம் பதிப்பில் கட்டளைக்குள் வரும் சதவீதக் குறி புதிய வரியாக மாற்றப்பட்டது. முதல் குறிக்குப் பின் வருபவை கட்டளைக்கு உள்ளீடாகப் போயின. ஒரே வரியில் உள்ளீட்டையும் எழுதிவிட அது நல்ல வழி. இன்று பேக்கப் கோப்பின் பெயரில் தேதியைச் சேர்க்க நிர்வாகி சதவீதக் குறியை எழுதுகிறார். முனையத்தில் சரியாக ஓடிய கட்டளை கிரானில் பாதியிலேயே அறுந்துபோகிறது. குறிக்கு முன் பின்சாய்வுக்கோடு போட்டால் தீரும். ஆனால் கட்டளை அறுந்தது யார் கண்ணிலாவது பட்டால்தானே அதைப் போட முடியும்?

முதல் பெரிய அழுத்தம் பயனர்களின் எண்ணிக்கையிலிருந்து வந்தது. நிர்வாகிக்கு மட்டும் இருந்த வசதியை எல்லாருக்கும் கொடுத்தால், நிமிடந்தோறும் எல்லாப் பட்டியல்களையும் வரி வரியாகப் பார்ப்பது அக்காலக் கணினிகளுக்குச் சுமை. பர்டூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரவுன் இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து விடை எடுத்தார். 1977இல் ஃபிராண்டா, மேலி என்ற இருவர் பாவனை நிரல்களில் நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் முறை பற்றி எழுதியிருந்தனர். அடுத்து நடக்க வேண்டியது எது என்பதை மட்டும் வரிசையின் தலையில் வைத்துக்கொண்டு, அந்த நேரம் வரை உறங்கலாம் என்பதே பிரவுன் அதிலிருந்து பெற்ற பயன். நிகழ்வு வரிசையை வைத்து இயங்கும் கிரான் பின்னர் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸிலும் இடம்பெற்றது. அங்கே ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கிரான்டேப் இருந்தது. யாருக்கு அனுமதி உண்டு என்ற பட்டியலும் இருந்தது.

சிஸ்டம் ஃபைவ் கொண்டுவந்தவற்றுள் இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வேலை எதையாவது திரையில் எழுத முயன்றால், கிரான் அதைப் பயனருக்கு அஞ்சலாக அனுப்பியது. விளைவைப் பற்றிக் கிரான் வாய் திறந்தது அப்போதுதான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு குழப்பம் உண்டு. வெளியீடு இருந்தால் அஞ்சல், இல்லையென்றால் மௌனம். வேலை வெற்றியா தோல்வியா என்பதை அது தனியாகச் சொல்வதில்லை. தினமும் ஒன்றுமில்லாத அஞ்சல் வந்து குவிய, நிர்வாகிகள் வெளியீட்டை வெற்றுச் சாதனத்துக்குத் திருப்பும் குறிப்பை வரியின் கடைசியில் ஒட்டினார்கள். பிழைச்செய்தியும் அதோடு போய்ச் சேர்ந்தது.

1987இல் பால் விக்ஸி எழுதி வெளியிட்ட கிரான்தான் பின்னாளில் பிஎஸ்டி, லினக்ஸ் உலகம் எங்கும் பரவியது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை */5 என்று எழுதும் வசதி, கிரான்டேப்புக்குள்ளேயே சூழல் மாறிகள், அஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்ற அறிவிப்பு ஆகியவை அந்த வழியில் நிலைபெற்றன. தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே வேலை ஓடும் என்ற விதியும் இந்த மரபில் தொடர்கிறது. ஏழாம் பதிப்பிலோ இரண்டும் பொருந்த வேண்டும். ‘13ஆம் தேதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்த நாள்’ என்று நினைத்து எழுதும் வரி, எல்லா 13ஆம் தேதிகளிலும் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் ஓடுவது இதனால்தான்.

கடிகாரமும் நம்பிய அளவுக்கு நேர்மையாக இல்லை. கோடைக்கால நேரம் பின்பற்றும் நாடுகளில் ஆண்டுக்கு ஒருநாள் ஒரு மணிநேரம் காணாமல் போகிறது, இன்னொரு நாள் இருமுறை வருகிறது. அமெரிக்காவில் அது அதிகாலை 2 மணியை ஒட்டி நிகழும். பேக்கப்புக்குப் பலர் தேர்ந்தெடுக்கும் நேரமும் அதுவே. பிந்தைய விக்ஸி வழிக் கிரான்கள், விடுபட்ட வேலையை மாற்றம் நடந்தவுடன் ஓட்டவும், ஓடியதை மறுபடி ஓட்டாமல் இருக்கவும் கற்றுக்கொண்டன. இந்தியாவில் இந்த மாற்றம் இல்லை. ஆனால் யூடிசி நேரத்தில் இயங்கும் சர்வரில் ‘இரவு 2 மணி’ என்று எழுதினால், சென்னையில் அது காலை 7.30.

இயந்திரம் அணைந்திருந்த வேளையில் தவறிய வேலையைக் கிரான் திரும்ப நினைப்பதில்லை. அனாக்ரான் அதற்கு மாற்றாக வந்தது: ஒவ்வொரு வேலையும் கடைசியாக ஓடிய தேதியை ஒரு சிறு கோப்பில் குறித்து வைத்து, கெடு தாண்டியிருந்தால் ஓட்டும். 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி, டைமர்கள் வழியாக இதே நினைவைத் தந்தது. வெளியீட்டையும் வெளியேறும் நிலையையும் பதிவேட்டில் சேர்த்தது. முந்தைய ஓட்டம் முடியாதிருந்தால் அதே சேவையை மறுபடி தொடங்குவதில்லை. கிரானில் இதற்கு நிர்வாகியே ‘எஃப்லாக்’ கட்டளையால் பூட்டுப் போட வேண்டியிருந்தது.

எல்லாரும் நள்ளிரவையே தேர்ந்தெடுப்பதால் வேலைகள் ஒரே கணத்தில் குவிவது இன்னொரு தொல்லை. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்த லெட்ஸ் என்கிரிப்ட் இணையதளங்களுக்கு 90 நாள் சான்றிதழ்களைத் தந்தது. அவற்றைப் புதுப்பிக்கும் செர்ட்பாட், ஒரு மணிநேரத்துக்குள் ஏதேனும் ஒரு தற்செயலான கணம் வரை காத்திருந்து ஓடும்படி தன் கிரான் வரியைப் பரிந்துரைத்தது. கூகுள் தன் உள் கிரானில் ‘எந்த மதிப்பானாலும் சரி’ என்று சொல்லக் கேள்விக்குறியைச் சேர்த்தது.

விளைவு தெரியாமையின் விலை 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் வெளிப்பட்டது. பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்பகத்தை நீக்கினார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது. பேக்கப்பைத் தேடியபோது ஒன்றும் இல்லை. கிரான் தவறாமல் ஓடியிருந்தது. ஆனால் அது ஏவிய பேக்கப் வேலை, போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்தை 9.2 பதிப்பின் கருவியால் நகலெடுக்க முயன்று ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தது. தோல்வியைச் சொல்ல அஞ்சல்களும் கிளம்பின. அனுப்புநரைச் சோதிக்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் சர்வர் அவற்றை நிராகரித்தது. தற்செயலாக ஆறு மணிநேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு வட்டுப் படிமமே மீட்புக்கு உதவியது. என்ன நடந்தது என்பதை அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது. நிர்வாகம் கற்பவர்கள் அனைவரும் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.

குபெர்நெட்டிஸின் கிரான்ஜாப் 2021இல் நிலைத்த வசதியானபோதும் நேரத்தைச் சொல்ல அதே ஐந்து புலங்களையே கேட்டது. கூடவே, முந்தைய ஓட்டம் முடியாதபோது புதியதை அனுமதிப்பதா, தடுப்பதா, பழையதை அகற்றிவிட்டுத் தொடங்குவதா என்றும் கேட்கிறது. 1979இன் வரியால் கேட்க முடியாத கேள்வி அது.

இணையதளச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச் 15 முதல் 47 நாட்களாகக் குறையப்போகிறது. கையால் புதுப்பிப்பது இனி நடைமுறைக்கு ஒவ்வாது. கிரானோ டைமரோதான் செய்ய வேண்டும். காலாவதி நெருங்குகிறது என்று எச்சரித்துவந்த அஞ்சல்களையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூன் மாதத்தில் நிறுத்திவிட்டது. புதுப்பிப்பு நின்றுபோனால் அதைக் கண்டுகொள்ளும் ஏற்பாட்டை இனி ஒவ்வொரு நிர்வாகியும் தாமே வைத்துக்கொள்ள வேண்டும்.