முன்சக்கர நேரமைவு

முன்சக்கர நேரமைவு அல்லது வீல் அலைன்மென்ட் என்பது மகிழுந்தின் முன்சக்கரங்களைத் தயாரிப்பாளர் குறித்த கோணங்களில் நிறுத்துவது ஆகும். நேரமைவு பிசகினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயர்கள் விரைவில் தேயும்.

கோணங்கள்

* கேம்பர் - முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருக்கும் அளவு.
* காஸ்டர் - பக்கவாட்டில் பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. திருப்பிய சக்கரம் தானே நேராக வர இது உதவுகிறது.
* டோ - மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்விளிம்புகள் நெருங்கியோ விலகியோ இருக்கும் அளவு. நெருங்கியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட்.

வீட்டில் எளிய கருவிகளால் சரிசெய்யக்கூடியது பெரும்பாலும் டோ மட்டுமே. டயர் தேய்மானத்தை மிகவும் பாதிப்பதும் அதுவே. 600 மி.மீ. விட்டமுள்ள டயர் 1 மி.மீ. திரும்பியிருப்பது, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அது ஏறத்தாழ 1.7 மீட்டர் பக்கவாட்டில் உரசுவதற்கு ஒப்பாகும்.

அளத்தல்

டயர்களின் காற்றழுத்தம் சரியாக இருக்கவேண்டும்; மூட்டுகளில் ஆட்டம் இருக்கக்கூடாது. வண்டியைச் சமதளத்தில் ஸ்டியரிங் நேராக இருக்க, சில மீட்டர் முன்னோக்கி உருட்டி நிறுத்தவேண்டும். டயர்களின் பின்புறத்தில், அச்சின் உயரத்தில், நடுவில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இரு குறிகளின் இடைவெளியை அளக்கவேண்டும். பின் அக்குறிகள் முன்புறம் வரும்வரை வண்டியை அரைச்சுற்று முன்னோக்கி உருட்டி மீண்டும் அளக்கவேண்டும். பின்னளவிலிருந்து முன்னளவைக் கழித்துக் கிடைப்பதே மொத்த டோ-இன். விடை எதிர்மமானால் டோ-அவுட்.

சரிசெய்தல்

டை ராடு எனப்படும் இணைப்புத் தண்டின் லாக் நட்டைத் தளர்த்தி, தண்டைத் திருகி அதன் நீளத்தை மாற்றவேண்டும். தண்டு அச்சுக்குப் பின்னால் இருந்தால், நீளம் கூடும்போது டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் குறையும். இருபுறமும் சம அளவில் திருகாவிடில் ஸ்டியரிங் கோணலாகிவிடும்.

திருகும் அளவு மிகச் சிறியது. புரியிடைவெளி 1.5 மி.மீ., ஸ்டியரிங் கை 150 மி.மீ. எனக் கொண்டால், ஒரு பக்கத்தில் கால் சுற்று திருகினாலே மேற்கூறிய டயரில் டோ ஏறத்தாழ 1.5 மி.மீ. மாறும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்பும் வண்டியை முன்னோக்கி உருட்டி மறுபடி அளந்து, இறுதியில் லாக் நட்டை இறுக்கவேண்டும்.

எச்சரிக்கை

ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் கீழ் செல்லக்கூடாது. லாக் நட் தளர்ந்திருக்க வண்டியை ஓட்டுவது ஆபத்தானது. விபத்தில் பாகங்கள் வளைந்த வண்டிகளையும், ஸ்டியரிங் கோணத்தை உணரிகளால் அறியும் புதிய வண்டிகளையும் பணிமனையில் சரிபார்ப்பதே முறை.