பொனெய்ர் முக்குளிப்புத் தளங்களின் வரலாறு

பொனெய்ர் என்பது கரிபியக் கடலின் தென்பகுதியில், வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே அமைந்துள்ள சிறிய தீவாகும். இது நெதர்லாந்து நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. பவளத்திட்டு கரையை ஒட்டியே வளர்ந்திருப்பதால், ஸ்கூபா முக்குளிப்போர் பல இடங்களில் படகின்றிக் கரையிலிருந்தே கடலுக்குள் இறங்கலாம். இங்கு 80-க்கும் மேற்பட்ட முக்குளிப்புத் தளங்கள் உள்ளன. கரையோரத் தளங்களை மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் அடையாளம் காட்டுகின்றன.

உப்பளக் காலம்

சுற்றுலாவுக்கு முன்பு தீவின் முக்கிய விளைபொருளாக உப்பு இருந்தது. டச்சு ஆட்சியில் ஆப்பிரிக்க அடிமைகள் தென்பகுதி உப்பளங்களில் உழைத்தனர். 1850-இல் அவர்கள் தங்குவதற்குக் கட்டப்பட்ட தாழ்ந்த கற்குடிசைகள் இன்றும் கடற்கரையில் நிற்கின்றன. 1863-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அக்குடிசைகளுக்கு அருகிலும் இப்போது முக்குளிப்புத் தளங்கள் உள்ளன. சில தளங்களின் பெயரில் 'அடிமை' என்னும் சொல் நிலைத்துவிட்டது.

வேட்டையும் தடையும்

1962-இல் பாய்மரக் கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கரான டான் ஸ்டூவர்ட், தீவில் முக்குளிப்புத் தொழிலைத் தொடங்கி வைத்தார். 'கேப்டன் டான்' என அழைக்கப்பட்ட இவர் முதலில் ஈட்டி கொண்டு மீன் வேட்டையாடியவர்; பின்னர் அவ்வேட்டைக்கு எதிராகவே வாதாடினார். 1971-இல் ஈட்டி மீன்பிடிப்பும், 1975-இல் பவளம் சேகரிப்பதும் தடை செய்யப்பட்டன. நங்கூரங்கள் பவளத்தை உடைப்பதைத் தவிர்க்க, படகுகளைக் கட்டுவதற்கு நிலையான மிதவைகள் அமைக்கப்பட்டன.

கடற்பூங்காவும் கட்டணமும்

1979-இல் பொனெய்ர் கடற்பூங்கா நிறுவப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரையுள்ள கடற்பகுதி இதில் அடங்கும். தொடக்க நிதி தீர்ந்தபின், 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பூங்கா பெயரளவிலேயே இருந்தது. சட்டம் இருந்தும் கண்காணிக்க ஆளில்லை. முக்குளிப்போரின் எண்ணிக்கையோ பெருகி வந்தது.

1991-இல் பூங்கா நிர்வாகம் மீண்டும் அமைக்கப்பட்டது. 1992 முதல் முக்குளிப்போர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. கட்டணம் பயணிகளை விரட்டிவிடும் என்ற அச்சம் இருந்தது. ஆனால் அக்காலத்து ஆய்வில் பயணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் செலுத்த இசைந்தனர். ஒரு தளத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளுக்கு மேல் நிகழ்ந்தால் பவளம் சிதையத் தொடங்குகிறது என்றும் அதே ஆய்வு கணித்தது. பவளத்தைக் காண வருவோரே அதைத் தேய்க்கவும் செய்கின்றனர் என்பதால், காவலுக்கான செலவையும் அவர்களே ஏற்பது பொருத்தமானதாயிற்று. இம்முறை பிற நாடுகளின் கடற்பூங்காக்களுக்கும் எடுத்துக்காட்டாக விளங்கியது.

கட்டணத்துக்கு அப்பால்

காவலால் தடுக்க முடியாத இழப்புகளும் நேர்ந்தன. 1983-இல் கரிபியக் கடல் முழுவதும் பரவிய நோயில், பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடமளிக்கும் கருநிறக் கடல் முள்ளெலிகள் பெருமளவில் மடிந்தன. 1999-இல் லென்னி சூறாவளியின் அலைகள் மேற்குக் கரையின் ஆழமற்ற பவளங்களை உடைத்தன. 2010-இல் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளிறின. 2023-இல் பவளத் திசு இழப்பு நோய் இங்கும் கண்டறியப்பட்டது. அந்நோய் பரவாதிருக்க, முக்குளிப்போர் தம் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.