பிப்ரவரித் தொடக்க விழாக்கள்

வட அரைக்கோளத்தின் குளிர்நாடுகளில் பிப்ரவரியின் முதல் நான்கு நாட்களுக்குள் பல விழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. அயர்லாந்தின் புனித பிரிஜித் நாள், கத்தோலிக்கத் திருச்சபையின் மெழுகுதிரி விழா, அமெரிக்காவின் கிரவுண்ட்ஹாக் நாள், ஜப்பானின் செட்சுபுன் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22இல் வருகிறது. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20ஐ ஒட்டி வருகிறது. இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் இவ்விழாக்கள் அமைகின்றன. லண்டனில் டிசம்பர் இறுதியில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும் பகல், பிப்ரவரி பிறக்கும்போது ஒன்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். நிலமும் கடலும் மெதுவாகவே சூடேறுவதால் குளிர் மட்டும் விட்டபாடில்லை.

இவை யாவும் ஒரே பழஞ்சடங்கின் கிளைகள் என்று சொல்லப்படுவதுண்டு. நாள் குறித்த முறையைப் பார்த்தால் அக்கூற்று நிற்பதில்லை. ஆடு பால் கொடுக்கும் பருவம் ஒன்றுக்கு அடிப்படை. பிறப்பிலிருந்து எண்ணும் நாற்பது நாள் மற்றொன்றுக்கு. வானில் சூரியன் நிற்கும் பாகை இன்னொன்றுக்கு.

அயர்லாந்தில் பிப்ரவரி 1 இம்போல்க் எனப்பட்டது. பழைய ஐரியக் கதையான ‘எமரின் மணவழைப்பு’, இதை இளவேனிலின் தொடக்கத்தில் பெண்ணாடுகளிடம் பால் கறக்கும் காலம் என்று குறிக்கிறது. உப்பிட்ட இறைச்சியையும் சேமித்த தானியத்தையும் தின்று குளிர்காலத்தைக் கழித்த குடும்பத்துக்குப் புதுப் பால் எவ்வளவு பெரிய வரவு என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே நாள் கில்டேர் மடத்தை நிறுவியவராகப் போற்றப்படும் புனித பிரிஜித்துக்கும் உரியது. மரபுப்படி அவர் 525ஐ ஒட்டி இறந்தார். அவர் பெயரிலேயே புலவர்கள் வணங்கிய ஒரு தெய்வமும் இருந்ததாக, 900ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட கோர்மாக்கின் சொல்விளக்க நூல் கூறுகிறது. தெய்வமே புனிதராக உருமாறியதா, துறவியின் மேல் தெய்வத்தின் கதைகள் ஏறினவா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கோரைத் தண்டுகளை மடித்துப் பின்னிய நான்கு கைச் சிலுவையை வீட்டு வாசலுக்கு மேல் செருகிவைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. 2023 முதல் இந்நாளையொட்டி அயர்லாந்தில் அரசு விடுமுறை அளிக்கப்படுகிறது. அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரால் அமைந்த முதல் பொது விடுமுறை இதுதான்.

பிப்ரவரி 2இல் வரும் மெழுகுதிரி விழாவின் தோற்றம் வேறு. ஆண் குழந்தை பெற்ற தாய் நாற்பது நாள் கழித்துத் தூய்மைச் சடங்கு செய்ய வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அதன்படி மரியாவும் யோசேப்பும் குழந்தை இயேசுவை எருசலேம் கோவிலுக்குக் கொண்டுவந்ததை லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. 380களில் எருசலேமுக்குத் திருப்பயணம் வந்த எகேரியா என்ற பெண்மணி, அங்கே ஜனவரி 6இலிருந்து நாற்பதாம் நாளில், அதாவது பிப்ரவரி 14இல், இவ்விழா சிறப்பாக நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25இல் நிலைபெற்றதும் கணக்கும் நகர்ந்தது: அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2. ரோமானியரின் லூப்பர்காலியா விழாவை ஒழிக்கவே திருத்தந்தையர் இதை ஏற்படுத்தினர் என்ற பழைய விளக்கம் பலமற்றது. லூப்பர்காலியா பிப்ரவரி 15இல் வருவது. மேலும், இவ்விழா ரோமாபுரிக்கு எட்டுமுன்பே எருசலேமில் வேரூன்றியிருந்தது.

குழந்தையைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன், பிற இனத்தாருக்கு ஒளி என்று அதை வாழ்த்தியதால் இவ்விழாவில் மெழுகுதிரி இடம்பெற்றது. திரிகளை மந்திரித்து, ஏற்றிக்கொண்டு பவனி வருவர். பனிப்பொழிவையே அறியாத தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும்கூடக் கத்தோலிக்கக் கோவில்களில் அன்று மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படுகின்றன. பிரான்சில் இது ‘கிரேப்’ என்னும் மெல்லிய மாவு அடை சுடும் நாள். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சட்டியைச் சுண்டி அடையைத் திருப்பிப்போட்டால் ஆண்டு முழுவதும் பணம் புழங்கும் என்பர். மெக்சிகோவில் ஜனவரி 6இல் வெட்டும் ரொட்டிக்குள் மறைத்துவைத்த குழந்தை பொம்மை யார் துண்டில் அகப்பட்டதோ அவர்தான் பிப்ரவரி 2இல் எல்லோருக்கும் ‘தமாலே’ படைக்க வேண்டும்.

ஐரோப்பியக் குடியானவனுக்கு இது வேறொரு கணக்குப் பார்க்கும் நாளாகவும் இருந்தது. வைக்கோற்போரில் பாதி மிச்சமிருந்தால்தான் புல் முளைக்கும்வரை மாடுகள் தாங்கும். இனி எத்தனை வாரம் குளிர் என்ற கேள்வி இந்தக் கவலையில் பிறந்தது. அன்று வெயிலடித்தால் குளிர் நீளும், மேகம் மூடினால் சீக்கிரம் விலகும் என்றனர். தலைகீழாகத் தோன்றும் இவ்விதியில் சிறிது பொருளுண்டு: அங்கே குளிர்காலத்தில் தெளிந்த வானம் பெரும்பாலும் உறைபனிக் காற்றோடு வரும்; மேகத்தைக் கொண்டுவருவது அட்லாண்டிக்கின் மிதமான ஈரக்காற்று. ஆனால் ஒரு நாளின் வானத்தைக்கொண்டு ஆறு வாரத்தைச் சொல்ல முடியாது. அதோடு, 1582இன் நாட்காட்டித் திருத்தத்துக்கு முந்தைய பிப்ரவரி 2, இன்றைய கணக்கில் ஏறக்குறைய பத்து நாள் பின்னால் இருந்தது.

ஜெர்மானியர் இக்குறிக்கு வளைக்கரடியைச் சாட்சியாக்கினர்: வளையை விட்டு வெளிவந்து தன் நிழலைக் கண்டால் அது மீண்டும் உள்ளே போய்விடும். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர், அங்கே கண்முன் திரிந்த கிரவுண்ட்ஹாக்கிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தனர். அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும் விலங்கு இது. மார்கன்டவுன் கடைக்காரர் ஒருவரின் 1841 நாட்குறிப்பில் இவ்வழக்கம் பதிவாகியிருக்கிறது. பங்ஸடானி என்ற சிற்றூரின் செய்தித்தாள் 1886இல் இதைப் பற்றி எழுதியது. மறு ஆண்டு காப்ளர்ஸ் நாப் குன்றில் விழா தொடங்கியது. தொடக்க காலத்தில் அதே விலங்கை வேட்டையாடிச் சமைத்துத் தின்றதும் உண்டு. இன்று உயரத் தொப்பி அணிந்த கனவான்கள் ‘பில்’ என்னும் கிரவுண்ட்ஹாக்கை விடியலில் தூக்கிக் காட்டுகின்றனர். 1886 முதல் அதே பில்தான் இருக்கிறது என்பது அவர்கள் விடாமல் சொல்லிவரும் வேடிக்கை. அதன் கணிப்பு பாதிக்குப் பாதிகூடப் பலிப்பதில்லை. ஆயினும் பிப்ரவரியில் ஆண் கிரவுண்ட்ஹாக் சில நாள் வெளிவருவது உண்மையே. அது தேடுவது நிழலை அல்ல, பெட்டைகளின் வளைகளை.

ஜப்பானில் சூரியனின் தீர்க்கரேகை 315 பாகையை எட்டும் நாளே இளவேனிலின் முதல் நாள். அதற்கு முந்திய நாள் செட்சுபுன். சீனாவிலிருந்து வந்த, பேயோட்டும் அரண்மனைச் சடங்கொன்றிலிருந்து இது வளர்ந்தது. வறுத்த சோயா மொச்சையை வாசலில் வீசிப் பேயை வெளியேயும் நற்பேற்றை உள்ளேயும் போகச் சொல்கின்றனர். பிறகு தத்தம் வயதின் எண்ணிக்கையில் மொச்சையைத் தின்கின்றனர். நரித்தாசான் கோவிலில் பேயை விரட்டும் வரியைச் சொல்வதில்லை. அங்குள்ள ஃபுடோ தெய்வத்தின் முன் பேய்கள் நிற்காது என்பது நம்பிக்கை. வானியல் கணக்கு என்பதால் தேதி நகரும்: 1984இல் பிப்ரவரி 4, 2021இல் பிப்ரவரி 2. ஒசாகா வட்டாரத்து வழக்கமான, நீண்ட சோற்றுச்சுருளை நல்ல திசை நோக்கி நின்று பேசாமல் தின்பது, 1990களில் கடைச் சங்கிலிகளின் விளம்பரத்தால் நாடெங்கும் பரவியது. விற்காமல் குப்பைக்குப் போகும் சுருள்கள் பெருகவே, 2019இல் தேவைக்கேற்ப மட்டும் செய்யுமாறு வேளாண் அமைச்சகம் கடைகளைக் கேட்டுக்கொண்டது.