தே தாரிக்

தே தாரிக் என்பது கடுஞ்சாயமாக இறக்கிய தேநீரில் கெட்டிப்பால் கலந்து, இரண்டு குவளைகளுக்கிடையே உயரத் தூக்கி ஆற்றி, நுரையோடு கொடுக்கப்படும் மலேசியப் பானம். மலாயாவில் குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் கடைகளில் இது வளர்ந்தது. நிபோங் திபால் முதலிய பினாங்கு மாநில ஊர்களில் பரோட்டா போன்ற ரொட்டி சானாயோடு சேர்ந்து காலைப் பசியாறலாக விளங்குகிறது.

வரலாறு

கிரியான் ஆற்றங்கரையிலுள்ள நிபோங் திபாலைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் உழைத்தனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. அதே காலத்தில் இராமநாதபுரம், கடையநல்லூர்ப் பகுதி முஸ்லிம்கள் பினாங்கில் வணிகர்களாகவும் உணவுக் கடைக்காரர்களாகவும் நிலைகொண்டனர்.

பானத்துக்கு வேண்டிய பொருள்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தன. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர் பெருந்தொழிலாகியிருந்தது. மலாயாவின் கேமரன் மலையில் போ தோட்டம் 1929இல் உருவானது. கெட்டிப்பாலை, பின்னாளில் நெஸ்லேயாக அறியப்பட்ட ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் 1912 முதல் பினாங்கிலிருந்து விற்றது. குளிர்பெட்டி இல்லாத வெப்ப நாட்டில் பசும்பால் சீக்கிரம் திரிந்துவிடும். டின் பாலோ கெடாது, சர்க்கரையும் அதிலேயே இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களை நம்பி நடந்த கடைகளில் தே தாரிக் பரவியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

பாத்திரங்களும் முறையும்

தே தாரிக்குக்கு ஏன் தனிப் பாத்திரங்கள் என்பது ஜப்பானியத் தேநீரோடு ஒப்பிட்டால் விளங்கும். ஜப்பானில் அன்றாடத் தேநீருக்குக் கியூசு என்னும் சிறு மண்கெண்டி போதும். டோகோநாமே ஊரின் செம்மண் கெண்டிகள் இவற்றில் பேர்பெற்றவை. பக்கவாட்டில் கைப்பிடி, மூக்கின் உட்புறம் சல்லடை. ஊறவைப்பது, வடிப்பது, ஊற்றுவது எல்லாம் அந்த ஒரே கலத்தில் நடக்கும். முழு இலை, 70 முதல் 80 பாகைச் சூட்டு நீர் என்பது அதன் கணக்கு. சூடு கூடினால் பச்சைத் தேயிலை கசந்துவிடும்.

மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக் கடையில் பயன்படுவதோ தூள் தேயிலை. கெண்டியின் சல்லடையை அது அடைத்துவிடும். ஆகவே கம்பி வளையத்தில் தைத்த நீண்ட துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றிச் சாயம் இறக்குகிறார்கள். கெட்டிப்பாலின் இனிப்புக்கு ஈடுகொடுக்கக் கடுஞ்சாயத்தின் கசப்பு தேவைப்படுகிறது. பிறகு பிடி வைத்த இரண்டு சில்வர் குவளைகள். ஒரு கை மேலே போகும், மறு கை கீழே இறங்கும். தேநீர் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு இழைபோல விழும். அடியில் தங்கும் பால் நன்றாகக் கலக்கிறது, சூடு குடிக்கும் பதத்துக்குத் தணிகிறது, பாலின் புரதம் காற்றைப் பிடித்து நுரை கட்டுகிறது. தமிழ்நாட்டில் டபரா-டம்ளரில் காபி ஆற்றுவதும் இதே வேலைதான்.

வகைகள்

பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் சேர்த்தது தே ஓ. சர்க்கரையும் இல்லாதது தே ஓ கோசோங். இஞ்சி சேர்த்தது தே ஆலியா. இனிப்புக் குறைவாக வேண்டுவோர் ‘கூராங் மானிஸ்’ என்கிறார்கள். கட்டிக்கொண்டு போவோருக்குப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிற்றால் முடிந்து, உறிஞ்சுகுழல் செருகித் தருவது வழக்கம்.

அங்கீகாரம்

மலேசிய மரபுடைமைத் துறை தே தாரிக்கை நாட்டின் மரபு உணவுகளில் சேர்த்துள்ளது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இணைத்தது.