எண்பதாவது மணி: கார்ல் போஷின் நோபல் உரையை மீண்டும் வாசித்தல்

ஹாபர் கண்டுபிடித்தார், போஷ் பெரிதாக்கினார். அம்மோனியாத் தொகுப்பின் வரலாறு நெடுங்காலமாக இந்த இரண்டு வினைச்சொற்களில் அடங்கிக் கிடக்கிறது. முதல் சொல்லைப் பற்றிய வழக்குகள் பல நடந்துவிட்டன. வேதியியலாளர் நெர்ன்ஸ்டின் பங்கு எவ்வளவு, ஹாபரின் உதவியாளர் லெ ரோசிஞோலின் கைவேலை எவ்வளவு என்றெல்லாம் போதுமான அளவு எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது சொல்லை எவரும் பெரிதாகச் சோதித்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் சிறிதாக இருந்ததை ஆலையில் பெரிதாக்குவதே வேதித் தொழிலின் புதுமை என்ற எண்ணம், நிறுவ வேண்டாத உண்மைபோல் நின்றுவிட்டது. அந்த எண்ணத்துக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படும் ஆவணமே அதற்கு எதிராகப் பேசுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆவணம் எல்லோரும் அறிந்ததே. 1931ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை பெர்கியுஸுடன் பகிர்ந்துகொண்ட போஷ், 1932 மே 21 அன்று ஆற்றிய உரை. புதிய அம்மோனியாத் தொழிலை நிறுவும் போக்கில் உயரழுத்த வேதிமுறை எவ்வாறு வளர்ந்தது என்பதே அதன் பொருள். இவ்வுரையில் உலைக்குழாய்கள் வெடித்த நிகழ்ச்சியைச் சொல்லும் பகுதி ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் முந்தைய ஆய்வு மரபு அதை ஒரு கதைத் திருப்பமாகவே வாசித்தது. சிறிய கருவி வேலை செய்தது, பெரிய கருவி வெடித்தது, மேதை ஒருவர் வழி கண்டார் என்பது அந்த வாசிப்பு. உரையில் உள்ள ஓர் எண்ணையும் ஓர் ஒற்றை வாக்கியத்தையும் சற்று நின்று கவனித்தால் இந்த வாசிப்பு நிலைக்காது என்று கருதுகிறேன்.

எண்ணிலிருந்து தொடங்கலாம். இரண்டு உலைக்குழாய்களும் 80 மணி நேர ஓட்டத்துக்குப் பின் வெடித்தன என்கிறார் போஷ். இதற்கு அருகில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். 1909 ஜூலை 2 அன்று கார்ல்ஸ்ரூவில் ஹாபர் தம் கருவியை பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தாருக்கு இயக்கிக் காட்டினார். முதலில் ஒரு திருகாணி தெறித்துச் சில மணி நேரம் தடைப்பட்டது. காத்திருக்க இயலாத போஷ் புறப்பட்டுவிட, நிறுவனத்தின் வேதியியலாளர் மிட்டாஷ் இருந்து பார்த்தார். மறுநாள் ஹாபர் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின்படி, கருவி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இடைவிடாமல் ஓடியது; நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 கன சென்டிமீட்டர் திரவ அம்மோனியா கிடைத்தது. மரபான வாசிப்பு இந்த 2 கன சென்டிமீட்டரை எடுத்து, 1913 செப்டம்பரில் தொடங்கிய ஒப்பாவ் ஆலையின் டன் கணக்குக்குப் பக்கத்தில் வைத்து, இடைவெளியைப் பெருக்கம் என்று அழைக்கிறது. நான் வைக்க விரும்பும் இணை வேறு: ஐந்து மணி, எண்பது மணி. கார்ல்ஸ்ரூவில் மெய்ப்பிக்கப்பட்டது வினை. அந்த வினையை எத்தனை நாள் நடத்தலாம் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. ஐந்து மணி நேரத்தில் அது எழவும் முடியாது.

1909 மார்ச்சில் நடந்த சந்திப்பைப் பற்றி மிட்டாஷ் பின்னாளில் விட்டுச் சென்ற நினைவுக் குறிப்பும் இதையே காட்டுகிறது. நூறு வளிமண்டல அழுத்தம் என்றதும் நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் திகைத்தார். எஃகுத் தொழிலால் என்ன செய்ய முடியும் என்று தமக்குத் தெரியும், துணிந்து பார்க்கலாம் என்று போஷ் சொன்னார். இது அவருடைய தொலைநோக்குக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுகிறது. அவர் உறுதியளித்தது எதைப் பற்றி என்று பார்த்தால், எஃகின் வலுவைப் பற்றி மட்டுமே. அந்த உறுதி பொய்க்கவில்லை. எஃகு அழுத்தத்தைத் தாங்கத்தான் செய்தது, எண்பது மணி நேரம். அழுத்தத்தைக் கணக்கிடத் தெரிந்த ஒருவரையே ஏமாற்றிய மாறி ஒன்று இருந்தது என்றால், அது குழாயின் பருமனும் இல்லை, அழுத்தமும் இல்லை. அது காலம்.

வெடித்த குழாயின் உட்சுவரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த விவரத்தை உரை தருகிறது. கார்பன் எஃகுக்கு வலுவூட்டும் பெர்லைட் அமைப்பு உட்பக்கத்திலிருந்து மறைந்திருந்தது. வெப்பமும் அழுத்தமும் கூடிய ஹைட்ரஜன் சுவருக்குள் ஊடுருவி, எஃகின் கார்பனைக் கவர்ந்து சென்றிருந்தது. கார்பன் போனால் மிஞ்சுவது மென்மையான இரும்பாக இருக்க வேண்டும். ஆனால் அது நொறுங்கும் தன்மை பெற்றிருந்தது. இரும்போடு சேர்ந்து தங்கிய ஹைட்ரஜனையே போஷ் இதற்குக் காரணமாகக் கொண்டார். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்து உண்டாகும் மீத்தேன், வெளியேற வழியின்றி உலோக மணிகளின் எல்லைகளில் அடைபட்டு அழுத்திப் பிளக்கிறது என்பதே இன்றைய உலோகவியல் தரும் முதன்மை விளக்கம். விளக்கம் எதுவானாலும், இந்தச் சிதைவின் வேகத்தைத் தீர்மானிப்பவை வெப்பநிலை, ஹைட்ரஜன் அழுத்தம், எஃகின் இயைபு, கழிந்த நேரம் ஆகியவை. உலையின் கொள்ளளவு இந்தப் பட்டியலில் இல்லை. சுவரைத் தடிமனாக்கினால் முடிவு தள்ளிப்போகும், தவிராது.

இனி அந்த ஒற்றை வாக்கியம். குழாய்கள் வெடித்ததைச் சொன்ன கையோடு போஷ் ஒன்றைச் சேர்க்கிறார். புதிய வினையூக்கிக்குப் பதிலாக ஆஸ்மியத்தை அக்குழாய்களில் நிரப்பியிருந்தால், தாங்கள் விலைக்கு வாங்கி வைத்திருந்த உலகக் கையிருப்பே போயிருக்கும் என்பது அதன் சாரம். பேச்சின் நடுவே அவையினருக்காகச் சொன்ன சுவையான துணுக்காக இதை எடுத்துக்கொண்டு கடந்துவிடுவது வழக்கம். நான் அறிந்தவரை, இதை ஒரு வாதமாக எவரும் வாசிக்கவில்லை. அப்படி வாசித்தால், தனித்தனியாகச் சொல்லப்படும் இரண்டு கதைகள் ஒன்றாகின்றன.

வினையூக்கிக் கதையை நாம் இப்படித்தான் சொல்கிறோம்: ஹாபரின் ஆஸ்மியம் அரிது, நிறுவனம் வாங்க முடிந்தது ஏறத்தாழ 100 கிலோ. யுரேனியமோ ஈரமும் ஆக்ஸிஜனும் பட்டால் கெடும். எனவே மிட்டாஷ் மலிவான மாற்றைத் தேடினார். 1909 நவம்பரில் ஸ்வீடன் நாட்டு மேக்னடைட் தாது நல்ல விளைச்சல் தந்தது. அதில் கலந்திருந்த பிற பொருள்களே காரணம் என்று கண்டு, இரும்புடன் அலுமினியம் ஆக்சைடு, கார உலோகச் சேர்மங்கள் ஆகியவற்றைச் சேர்த்த கலவைகள் பிறந்தன. 1912 தொடக்கத்துக்குள் ஏறத்தாழ 2,500 பொருள்களின் மேல் 6,500 சோதனைகள் நடந்திருந்தன. இந்தக் கதையில் மலிவு என்பது உற்பத்திச் செலவைப் பற்றியது. போஷின் வாக்கியம் மலிவுக்கு வேறொரு பொருளைத் தருகிறது. வெடிக்கும் குழாயில் எதை நிரப்பலாம்? இழந்தால் வருந்த வேண்டாத ஒன்றை மட்டுமே நிரப்பலாம். ஆஸ்மியம் இருந்தவரை ஒரு வெடிப்பு முழு முயற்சியையும் முடித்துவிடும். இரும்பு வந்த பிறகு, வெடிப்பு இன்னொரு சோதனையாகிவிடுகிறது. எஃகைப் பற்றிக் கற்றுக்கொள்வதற்கான உரிமத்தை வாங்கித் தந்தது வினையூக்கி. ஒரு பொருள் எப்போது சாகும் என்று அறிய, அதைச் சாகும்வரை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சாவைத் தாங்கும் நிலையை நிறுவனத்துக்குத் தந்தது மேக்னடைட். உரையின் ஒரு வாக்கியத்தின் மேல் அதிகச் சுமை ஏற்றுகிறேனோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசை இந்த வாசிப்போடு பொருந்துகிறது, மாறுபடவில்லை.

தீர்வின் இயல்பைப் பார்த்தால் ஐயம் மேலும் குறைகிறது. ஹைட்ரஜனை உள்ளே விடாத எஃகைத் தேடுவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. 1911இல் போஷ் கண்ட வழி அதற்கு நேர்மாறானது. அழுத்தத்தைத் தாங்க வெளியே எஃகுச் சுவர். அதன் உட்புறத்தில், கார்பன் குறைந்த மெல்லிய இரும்பு உறை. உறையில் பறிகொடுக்கக் கார்பன் இல்லை. அதன் வழியே ஹைட்ரஜன் ஊடுருவும்; ஊடுருவட்டும். ஊடுருவியது எஃகுச் சுவரில் அழுத்தத்துடன் தேங்காமல் வெளியேற, அச்சுவரில் சிறு துளைகள் இடப்பட்டன. வாயுவை அடக்கும் பொறுப்பு ஓர் உலோகத்துக்கு, விசையைத் தாங்கும் பொறுப்பு இன்னோர் உலோகத்துக்கு என்று பிரித்து, கசிவை ஒழிக்காமல் அதற்கு வழி வெட்டிக் கொடுத்த தீர்வு இது. பெருக்கத்துக்கான விடை என்று இதை எப்படி அழைப்பது? பெரிய உலைக்கு மேலும் வலுவான பொருள் வேண்டும் என்பதுதான் பெருக்கத்தின் தர்க்கம். இங்கே வாயுவை நேராகச் சந்திக்க வைத்தது இரண்டில் வலு குறைந்த உலோகத்தை. அது நீடித்தது.

இந்தக் கண்ணோட்டத்தோடு உரையின் மற்றப் பகுதிகளுக்குச் சென்றால், உதிரியாகத் தோன்றியவை கோர்வை பெறுகின்றன. வாயுத் தூய்மைக்கு ஏன் அவ்வளவு இடம்? கந்தகத்தின் சிறு தடயம் ஐந்து மணி நேரத்தில் வினையூக்கியைக் கொல்லாமல் இருக்கலாம், வாரக்கணக்கில் கொல்லும். அளவுக் கருவிகளைப் பற்றி ஏன் அவ்வளவு அக்கறை? நிற்காத ஓட்டத்தில் எவரும் உலையைத் திறந்து பார்க்க முடியாது. அழுத்திகள், கசியாத மூட்டுகள் ஆகியவற்றைப் பற்றிய பக்கங்களும் ஒரே கேள்விக்குத் திரும்புகின்றன: எத்தனை நாள்?

வெப்பத்தைப் பற்றிய பகுதி என் வாதத்துக்கு இன்னும் துணை. முதல் உலைகளை வெளியிலிருந்து எரிவாயுவால் சூடாக்கினார்கள். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய சுவரே மிகச் சூடான பகுதியாயிற்று. பிறகு உலைக்குள்ளேயே சிறிதளவு காற்றைச் செலுத்தி, ஹைட்ரஜன் சூழலில் எரியும் தலைகீழ்ச் சுடரால் சூடாக்கினார்கள். உலை வளர வளர, வினை வெளியிடும் வெப்பமே வினையை நடத்தப் போதுமானதாயிற்று. இங்கே பெருக்கம் சிக்கலைக் கொண்டுவரவில்லை, சிக்கலைத் தீர்த்தது.

மறுப்புகளுக்கு வருகிறேன். வெடிப்புக்குக் காரணம் சூடான சுவர்தான், காலம் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். இதில் உண்மை உண்டு. சுவரின் வெப்பநிலை கூடினால் சிதைவு விரையும், குறைந்தால் தாமதிக்கும். ஆனால் விரைவும் தாமதமும் காலத்தின் சொற்கள். வெப்பநிலை கடிகாரத்தின் வேகத்தை மாற்றுகிறது, கடிகாரத்தை அகற்றவில்லை.

இரண்டாவது மறுப்பு ஆவணத்தைப் பற்றியது. மாபெரும் நிறுவனம் ஒன்றின் தலைவர், இருபது ஆண்டுகள் கழித்து, பரிசு மேடையில் நின்று சொன்னதை எவ்வளவு நம்பலாம்? பொதுவாகக் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தம் புகழுக்காகப் பேசுபவர், தம் கணிப்பு எத்தனை மணி நேரத்தில் தோற்றது என்ற எண்ணைச் சொல்ல மாட்டார். தோல்வியைப் பற்றிய துல்லியம் இவ்வுரையை நம்பத் தூண்டுகிறது. மூன்றாவதாக, போஷின் தந்தை குழாய்ப் பொருள் வணிகம் நடத்தியவர், மகன் வேதியியலுக்கு முன் உலோகவியல் பயின்றவர் என்பதிலிருந்து எல்லாவற்றையும் விளக்கும் வழக்கம். பிறப்பும் படிப்பும் உதவியிருக்கும். அவை எண்பது மணி நேரத்தை விளக்கவில்லை. இதற்கு மேல் இதில் நிற்கத் தேவையில்லை.

பெருக்கமே நடக்கவில்லை என்பது என் கூற்று அன்று. 1917 ஏப்ரலில் லொய்னா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது அளவின் வரலாறு மிக உண்மையான வரலாறு. போர் அதைத் துரத்தியது. நான் சொல்வது வரிசையைப் பற்றி. நீடிப்பு முதலில் வென்றெடுக்கப்பட்டது. பெருக்கம் அதன்மேல் கட்டப்பட்டது. வரிசையைத் தலைகீழாக்கிய நம் எழுத்து, தொழில் வேதியியலின் புதுமையை ஆய்வுக்கூட அறிவின் வெறும் விரிவாக்கமாகக் குறைத்துவிட்டது. ஆய்வுக்கூடம் ஒரு வினை நடக்குமா என்று கேட்கிறது. ஆலை அது நடந்துகொண்டே இருக்குமா என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு வேறு உலோகம், வேறு கருவி, வேறு பொறுமை வேண்டும். அதைக் கேட்டவர்கள் முதல் கேள்வியின் எடுபிடிகள் அல்லர்.

இது பழங்கதைக்கு மட்டும் உரிய திருத்தம் அன்று. கதிரொளியையும் காற்றையும் நம்பி அம்மோனியா செய்யும் முயற்சிகள் இன்று எங்கும் பேசப்படுகின்றன. அவற்றின் பெரும் இடர்களில் ஒன்று, நிற்காமல் ஓடுவதற்காக வடிக்கப்பட்ட உலையை நின்று நின்று ஓடச் செய்வது. எத்தனை டன் என்று கேட்பவருக்கு இந்த இடர் தென்படாது. எத்தனை மணி என்று கேட்பவருக்கு முதலிலேயே தென்படும். பல அடுக்குச் சுவர் கொண்ட உயரழுத்தக் கலன்களின் வெளி அடுக்குகளில் இன்றும் சிறு துளைகள் இடப்படுகின்றன. ஊடுருவிய வாயுவுக்கு அவை வழிவிடுகின்றன. உட்சுவர் பழுதுபட்டால் முதலில் தெரிவிப்பவையும் அவையே. ஆலையின் கொள்ளளவுக்கும் அத்துளைகளுக்கும் தொடர்பில்லை. எண்பதாவது மணியைக் கடப்பதற்காக வெட்டப்பட்டவை அவை.