ஹீமோடயாலிசிஸ் வகைகள்

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை வெளியே எடுத்து, டயலைசர் என்னும் வடிகட்டியில் ஓடவிட்டு, யூரியா முதலிய கழிவுகளையும் மிகை நீரையும் நீக்கி, உடலுக்குத் திருப்பி அனுப்பும் சிகிச்சை ஹீமோடயாலிசிஸ். செயலிழப்பு நிரந்தரமானால், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, கிடைக்காவிடில் ஆயுள் முழுதும், இது உயிரைக் காக்கும்.

வரலாறு

சவ்வின் வழியே கரைபொருள்கள் பிரிவதை ஆராய்ந்து, 1861இல் அதற்கு டயாலிசிஸ் என்று பெயரிட்டவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம். 1913இல் அமெரிக்காவில் ஜான் ஏபல் குழுவினர் விலங்குகளின் இரத்தத்தை இம்முறையில் சுத்திகரித்தனர். இரத்தம் உறையாதிருக்க அட்டைகளிலிருந்து எடுத்த ஹிருடினைப் பயன்படுத்தினர். 1924இல் ஜெர்மனியின் கீசென் நகரில் ஜார்ஜ் ஹாஸ் முதன்முதலாக மனிதருக்குச் செய்து பார்த்தார்.

பயன்தரும் கருவியை உருவாக்கிய பெருமை நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃபுக்கே உரியது. நாஜிகளின் பிடியில் நாடு இருந்த 1943இல், காம்பென் நகர மருத்துவமனையில், இறைச்சிக் குழல் செய்ய உதவும் செலஃபேன் உறையை மரச்சட்டங்களால் ஆன உருளையில் சுற்றினார். உருளையின் கீழ்ப்பாதி உப்புக் கரைசலில் மூழ்கியிருக்கும். அது சுழலச் சுழல இரத்தம் உறையினுள் நகர்ந்து கழிவை விட்டுச் செல்லும். தொடக்க நோயாளிகளில் பெரும்பாலோர் இறந்தனர். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தெழுந்தார்.

ஒவ்வொரு முறையும் புதிய இரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால் நாட்பட்ட நோயாளிகளுக்கு இச்சிகிச்சை எட்டாமலே இருந்தது. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் நிலையாகப் பொருத்திய டெஃப்ளான் குழாய் அத்தடையை உடைத்தது. 1966இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ குழுவினர் மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவை அறிவித்தனர். அதன்மேல் விரல் வைத்தால் இரத்தம் பாயும் அதிர்வு தெரியும்; அதிர்வு நின்றால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வகைகள்

வழக்கமான முறை: வாரம் 3 நாள், 4 மணி நேரம். கழிவை ஏற்கும் கரைசல் ஒரு அமர்வுக்குச் சுமார் 120 லிட்டர் தேவை. இயற்கைச் சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் இயங்க, இம்முறை தருவது 12 மணி நேரமே. வார இறுதி இடைவெளியில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்து இதயத்தை வதைக்கின்றன.

நீண்டநேர முறை: ஒரு அமர்வு 6 முதல் 8 மணி நேரம். பிரான்சின் டாசின் மையம் இதற்குப் பேர்போனது. நீர் மெதுவாக வெளியேறுவதால் பெரும்பாலோர்க்கு மாத்திரையின்றியே இரத்த அழுத்தம் அடங்கியது. வீட்டில் உறங்கும்போதும் செய்துகொள்ளலாம்.

தினசரி குறுநேர முறை: வாரம் 5 அல்லது 6 நாள், 2 முதல் 3 மணி நேரம். இதயத் தசையின் தடிப்பு குறைவதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் ஃபிஸ்டுலாவைச் சீர்செய்யும் தேவை கூடியது.

ஹீமோடயாஃபில்ட்ரேஷன்: அதிக அளவு நீரை வடித்தெடுத்து, தூய திரவத்தால் ஈடுசெய்யும் முறை. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற பெரிய மூலக்கூறுகளும் நீங்கும். 1,360 பேரிடம் நடந்த கன்வின்ஸ் ஆய்வில் (2023) இறப்பு அபாயம் 23 விழுக்காடு குறைந்தது.

இன்றைய நிலை

இந்தியாவில் 2016 முதல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தரப்படுகிறது. செலவும் தொலைவும் கருதி வாரம் 2 முறையோடு நிறுத்துவோர் இன்னும் பலர்.