ஸ்பேனர் போதும், கார் பிழைக்கும்!

ஏற்காட்டில் கொஞ்சம் மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள். பல இடங்களில் செக்கச்செவேல் என்று இருக்கும். மழை நாளில் வேட்டி ஓரத்தில் அது போடுகிற கறை லேசில் போகாது. அந்தச் சிவப்பு என்ன தெரியுமா? துரு! சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. சேர்வராயன் மலைப் பாறைகளை லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழை அரித்துக்கொண்டே வந்தது. கரையக்கூடியதெல்லாம் கரைந்து ஓடிய பிறகு மிஞ்சி நின்றவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சரக்கு. அது அதிகமாகச் சேர்ந்த பாறைக்கு பாக்சைட் என்று பெயர். இன்னொன்று, இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சரக்கு. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் துரு.

ஆக, மலையே துருப்பிடித்துத்தான் நிற்கிறது! அந்த மலையில் ஒரு பழைய காரை வைத்துக் காப்பாற்றுவது என்றால்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மழை, பனி, மூட்டம் என்று ஈரத்துக்குக் குறைவே இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியை இங்கே கொண்டுவந்து வைத்தார். அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. குளிரும் ஈரமும் காபிக்கு அமிர்தம், தகரத்துக்கு விஷம்! காபிக்கு நிழல் தருவதற்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களின் இலைகூட இந்தக் கதையில் ஒரு வில்லன்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் துருவின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் - மூன்றும் சந்தித்தால் போதும், வேலை ஆரம்பமாகிவிடும். உருவாகிற துரு, பழைய இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் மேலே இருக்கும் பெயின்ட்டை முட்டித் தூக்கும். காரின் பெயின்ட்டில் சின்னதாக ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே ஏற்கெனவே பந்தி நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அலுமினியமும் ஆக்ஸிஜனோடு சேரும். ஆனால் அதன் மேல் உருவாகும் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்பின் படலமோ உதிர்ந்து விழுந்து, அடுத்த அடுக்கைத் தின்னச் சொல்லித் திறந்துவிடும்.

'சரி, துருப்பிடிக்காத உலோகத்தில் காரைச் செய்துவிட்டுப் போகலாமே?' என்று கேட்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு உலோகங்களுக்கும் சேலத்தோடு சம்பந்தம் உண்டு!

முதலாவது அலுமினியம். 1960-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோனது. 1965 முதல் அங்கே அலுமினியம் தயாரானது. (2008-ல் அந்த உற்பத்தி நின்றுபோனது.) பாக்சைட்டிலிருந்து வேண்டியதைப் பிரித்த பிறகு மிஞ்சும் சேறு சிவப்பாக இருக்கும். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே துருதான்! இரண்டாவது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பத்தரை சதவிகிதத்துக்குக் குறையாமல் குரோமியம் கலந்த எஃகு. மலையடிவாரத்தில், கஞ்சமலை இரும்புக்குப் பேர்போன சேலத்தில், 1981-ல் உருக்காலை ஆரம்பித்துத் தயாரித்தது இதைத்தான்.

இரண்டிலும் கார் செய்து பார்த்திருக்கிறார்கள். 1948-ல் பிரிட்டனில் லேண்ட்ரோவர் ஜீப்புக்கு அலுமினியக் கலவையில் பாடி கட்டினார்கள். போர் முடிந்த நேரம், எஃகுக்கு ரேஷன். அதே 1981-ல் தயாரிப்பு தொடங்கிய டிலோரியன் காருக்கு வெளித்தகடு முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் காலத்தைத் தாண்டிப் பறக்குமே, அந்தக் கார்! இத்தனை செய்தும் என்ன ஆயிற்று? இரண்டுக்கும் அடியில் இருந்த சேஸிஸ் சாதாரண எஃகு. மேலே பளபளவென்று இருக்க, கீழே துரு நிதானமாகச் சாப்பிட்டது!

ஆகவே மிஞ்சியிருப்பது மூன்றாவது வழிதான். துருவை வெட்டி எடு, புதுத் தகடு வை, மறுபடி வருமா என்று பார்த்துக்கொண்டே இரு. அதாவது டிங்கரிங். இங்கிலீஷில் 'டிங்கர்' என்றால் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர். நம் தெருக்களில் துருத்தியோடு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து ஈயம் பூசிக் கொடுத்தார்களே, அவர்களுக்குச் சொந்தக்காரர்! வீட்டு வாசலில் உலோகத்தைப் பழுது பார்ப்பது நமக்குப் புதுசில்லை.

ஆனால் எல்லாக் காரையும் வாசலில் வைத்துப் பழுது பார்த்துவிட முடியாது. இங்கேதான் மெட்ராஸில் தயாரான ஒரு கார் வருகிறது.

1960களிலும் 1970களிலும் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்தது மூன்றே கம்பெனி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாஸடர். பம்பாயில் ஃபியட். மூன்றாவது நம்முடையது - 1948-ல் தொடங்கி, வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை போட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. அங்கே 1961-ல் வெளிவந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சிசி இன்ஜின். இத்தாலியின் டூரின் நகரத்து மிச்செலோட்டி வரைந்த அழகான உருவம். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் சாமர்த்தியம். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று, ஒரு வளைவில் ரிவர்ஸ் எடுத்துத் திண்டாடியவர்களைக் கேட்டால் தெரியும்!

ஆனால் ஹெரால்டின் உண்மையான விசேஷம் வெளியே தெரியாது. அந்தக் காலத்தில் உலகமே 'மோனோகாக்' பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதாவது, தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடியே முட்டை ஓடு மாதிரி எல்லா பாரத்தையும் தாங்கும். 1922-லேயே இத்தாலியின் லான்சியா இந்த வழியைக் காட்டிவிட்டது. அம்பாஸடரும் ஃபியட்டும் அந்த ரகம்தான். ஹெரால்டு மட்டும் பழைய பாணியில், தனிச் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருந்தது. ஏன்?

கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை... வேறு வழியில்லை! இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனம். 1953-ல் அதை பி.எம்.சி. என்கிற போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. புதுக் காருக்கு முழு பாடி செய்து தர ஆள் இல்லை. என்ன செய்வது? பாடியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் இடத்தில் செய்து வாங்கி, நட்டு போல்ட்டு போட்டு மாட்டினார்கள். 1959-ல் அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அது வந்தது. பானெட்டும் மட்கார்டும் ஒரே உருப்படியாக முன்பக்கம் கவிழும். கூரையைக் கழற்றலாம். கதவுக்குக் கீழே ஓடும் சில் தகட்டைக்கூட ஸ்பேனரால் கழற்றி எடுத்துவிடலாம்!

இப்போது துருவுக்கு வருவோம். அம்பாஸடரின் சில் தகடு வெறும் அலங்காரமல்ல. காரைத் தாங்கும் உத்தரம் அதுதான். துருப்பிடித்ததென்று அதை அவசரப்பட்டு வெட்டினால் பாடி தொய்ந்துவிடும். பிறகு கதவு சாத்தாது. வெட்டுவதற்கு முன்னால் கதவு நிலையின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டு பண்ணி, காரைச் சமதளத்தில் தாங்கி நிறுத்தியாக வேண்டும். அனுபவசாலிகள் செய்ய வேண்டிய வேலை. ஹெரால்டிலோ, கெட்டுப்போன துண்டைக் கழற்றித் திண்ணைக்குக் கொண்டுவந்து, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் யாரோ பாடி கொடுக்க மறுத்தது, ஏற்காட்டு ஷெட்டில் நிற்கும் காருக்கு ஆயுள் கெட்டியாகிவிட்டது!

சரி, வேலையை எப்படிச் செய்வது? முதல் கருவி சுத்தியல் அல்ல, ஒரு காந்தம். காரைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. யாரோ ஒருத்தர் ஓட்டையை மறைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து ஸ்க்ரூ டிரைவர். சந்தேகமான இடத்தில் குத்திப் பார்த்தால், கெட்ட தகடு அப்பளம் மாதிரி உடையும்.

நெருப்பு வேலைக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றுங்கள். ஹெரால்டுக்கு பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது. அதையும் கழற்றித் தூரக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். காலி டேங்க்தானே என்று அலட்சியம் வேண்டாம். உள்ளே இருக்கும் ஆவி, நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்காமல், முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது.

மேலோட்டமான துருவை வெட்ட வேண்டியதில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துருவை மாற்றும் திரவம் பூசினால் கறுப்பாக மாறி அடங்கிவிடும். அப்படிக் கறுக்கச் செய்யும் திரவங்களில் இருப்பது டானிக் அமிலம். இதில் நமக்குப் பழைய பழக்கம் உண்டு. கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் கறுப்பு மை காய்ச்சினார்கள். கலம்காரித் துணியின் கறுப்பும், துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு, கடுக்காய் தோய்ந்த துணியில் தீட்டி எடுப்பதுதான். அதே ரசாயனம் இப்போது டப்பாவில் வருகிறது!

ஓட்டை விழுந்துவிட்டதா? அப்போது தயவு தாட்சண்யம் கூடாது. பளிச்சென்ற நல்ல தகடு தெரிகிற வரைக்கும் வெட்டுங்கள். கொஞ்சம் கெட்டதை விட்டுவைத்தால், வெல்டிங் பிடிக்காது. பிடித்தாலும் துரு அங்கிருந்தே மறுபடி கிளம்பும். காலண்டர் அட்டையில் அளவு வெட்டி, அதே அளவுக்கு 20 கேஜ் தகடு வெட்டிப் பொருத்துங்கள். ஒரே இழுப்பில் வெல்டு பண்ணினால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டு, ஆறவிட்டு இணைக்க வேண்டும். பிறகு அடியில் டாலி கொடுத்துத் தட்டிச் சமன் செய்து, துத்தநாகம் கலந்த ப்ரைமர். பட்டி கடைசியில்தான், அதுவும் மெல்லிசாக. பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஓட்டைக்கு மேல் பட்டி அப்புவது, புண்ணுக்கு மேல் பவுடர் போடுகிற மாதிரி!

பெயின்ட்டுக்கு ஏற்காட்டில் நேரம் பார்க்க வேண்டும். ராகுகாலம் அல்ல, பனிமூட்டம்! 1920களில் அமெரிக்காவிலிருந்து வந்த டூக்கோ என்ற பெயர் நம் பெயின்டர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. அந்த வகை லாக்கர், காற்றில் ஈரம் அதிகமிருந்தால் வெளுத்துப் பூத்துவிடும். மழை ஓய்ந்த மாதங்களில், வெயில் ஏறிய பிறகு அடிப்பதுதான் உத்தமம்.

இப்போது அந்த வில்லன். கதவுகளுக்கு அடியிலும் சில்லுக்குள்ளும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. சில்வர் ஓக் இலை மட்கி அதை அடைத்துக்கொண்டால், கதவுக்குள் ஒரு குட்டி ஏற்காடு ஏரி! வெளியே எவ்வளவு பளபளப்பாக பெயின்ட் அடித்தாலும் பிரயோஜனமில்லை. வடிகாலைக் குத்தித் திறப்பதும், உள்ளே எண்ணெயோ மெழுகோ பீய்ச்சுவதும்தான் மறுபடி துரு வருவதைத் தள்ளிப்போடும்.

இத்தனை பாடுபட்டு ஏன் காப்பாற்ற வேண்டும்? 1960களின் பிற்பகுதியில் மெட்ராஸ்காரர்கள் ஹெரால்டை நாலு கதவுக் காராக மாற்றினார்கள். அது இங்கிலாந்திலேயே கிடையாது! பின்னர் அதுவே கஸல் ஆனது. 1980களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே அந்த நாலு கதவுகளில் ஒன்று மட்கினால், உலகத்தில் வேறெங்கும் புதிதாகச் செய்துவைத்திருக்க மாட்டார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகும் ஒவ்வொன்றும் கணக்கில் ஒன்று குறைவதுதான்.

சட்டமும் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, 50 வயது தாண்டிய, பழைய உருவம் மாறாத கார் 'விண்டேஜ்' என்று பதிவாகலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். தினசரி ஆபீஸ் போகவோ வாடகைக்கு விடவோ கூடாது. முக்கியமான நிபந்தனை ஒன்று - சேஸிஸையோ பாடியையோ இன்ஜினையோ மாற்றியமைத்திருக்கக் கூடாது. ஆகவே பழுது பாருங்கள், திருத்தி எழுதாதீர்கள்! எந்தத் தகட்டை எடுத்தீர்கள், எதை வைத்தீர்கள் என்று போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பி.காம். படித்தவர்களுக்குத் 'தேய்மானம்' என்ற சொல் மனப்பாடம். வருஷா வருஷம் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே வந்தால், ஒரு நாள் கார் கணக்குப் புத்தகத்தில் பூஜ்யமாகிவிடும். துருவும் அதே கணக்குப்பிள்ளைதான். ஒரு மலையையே சிவப்பாக்கியவனை நாம் ஜெயிக்கப் போவதில்லை. ஆனால் நல்ல தகடு தெரியும் வரை வெட்டி, வடிகாலைத் திறந்து வைத்தால், அவன் பேரேட்டை மூட இன்னும் முப்பது வருஷம் தவணை வாங்கலாம். அடுத்த தவணையை யார் வாங்குவது என்பது, இந்த வேலையை நீங்கள் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது!